பயிற்றுவிப்பாளரை எங்கே தேடுவது?

கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலே அஸர் தொழுகைக்குப் பின்னர் தொடங்கும் உதைபந்தாட்டம் மஃரிபு பாங்கு கேட்கும் வரை நடைபெறும். அது முடிந்ததும் தேநீர்க்கடையிலே வேறோர் ஆட்டம் தொடங்கும். அதற்குப் பந்தும் வேண்டுவதில்லை, நடுவரும் வேண்டுவதில்லை. நமது தேசிய அணிக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக யாரை நியமிக்க வேண்டும் என்பதே அங்கு அடிக்கடி எழும் வழக்கு. பிறநாட்டவரையா, நம்மவரையா? இரு கட்சியினரும் சளைப்பதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் அவ்வழக்கைப் பல மாலைகள் கேட்டிருந்தவன் நான். என் கருத்தையும் வாசகர் முன் வைக்க விரும்புகின்றேன்.

இவ்விவாதம் எழுவது இயல்பே. 1995ஆம் ஆண்டிலே கொழும்பில் இந்தியாவை வென்று தென்னாசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியவர்கள் நாம். 2006ஆம் ஆண்டு டாக்காவில் நடைபெற்ற ஆசிய சவால் கிண்ணப் போட்டியிலே இறுதியாட்டம் வரை முன்னேறினோம். தஜிகிஸ்தானிடம் தோற்றாலும் இரண்டாமிடம் நமக்குக் கிடைத்தது. அதன் பின்னர் நேர்ந்தது நீண்ட இறக்கம். 2019இல் தென் கொரியாவிடம் எட்டுக் கோல்களை வாங்கிக்கொண்டு ஒன்றும் போடாது திரும்பினோம். உலகத் தரவரிசையிலே இருநூறாம் இடத்துக்கும் கீழே இறங்கினோம். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் நமது சம்மேளனத்தை இடைநிறுத்தியது; அத்தடை ஆகஸ்டு மாதத்திலேதான் நீங்கியது. இத்தகைய நிலையில் மக்கள் ஒரு மீட்பரைத் தேடுவதில் வியப்பில்லை.

மீட்பர்களும் வந்தார்கள். செர்பியாவிலிருந்து நிகோலா கவசோவிச் வந்தார். பொஸ்னியாவிற் பிறந்த அவுஸ்திரேலியரான அமிர் அலாகிச் வந்தார். மான்செஸ்டர் சிட்டி அணிக்கு ஒரு காலத்தில் தலைமை தாங்கிய ஸ்கொட்லாந்தியர் அண்டி மொரிசன் வந்தார். குவைத்தைச் சேர்ந்த அப்துல்லா அல் முதைரியும் வந்தார். இடையிடையே டட்லி ஸ்டெய்ன்வோல், பக்கீர் அலி ஆகிய நம்மவர்களும் அப்பொறுப்பை ஏற்றனர். பத்தாண்டுகளுக்குள் இத்தனை பெயர்கள்! ஒருவர் நட்ட கன்று வேர்விடுமுன் அடுத்தவர் வந்து அதைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் மரம் எவ்வாறு வளரும்?

பிறநாட்டவரை வேண்டுவோரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. அலாகிச்சின் காலத்திலே, 2021 ஜூனில், லெபனானுக்கு எதிராக இரண்டு கோல்கள் போட்டு ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றோம். 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அதன் சொந்த மண்ணிலே தண்டனை உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றின் அடுத்த கட்டத்தை அடைந்தோம். 2025 ஜூனில் கொழும்பிலே சீன தாய்ப்பேயை மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வீழ்த்தினோம். இவை பிறநாட்டவர் அணியை நடத்திய காலத்து வெற்றிகள். ஜேர்மனியிற் பிறந்த வசீம் ராசீக், சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் போன்ற, புலம்பெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளைகள் நமது சீருடையை அணிந்ததும் அணிக்குப் புது வலுவைத் தந்தது. அவர்களை வரவேற்காத மனம் எனக்கில்லை.

இதற்கு மாறாக, நம்மவர் ஆண்டாலே வெற்றி தானாக வந்துவிடும் என்று கூறுவதும் பேதைமை. பக்கீர் அலி டாக்காவின் ஆபஹானிக் கழகத்திலே பின்காப்பாளராகப் புகழ் பெற்றவர். வங்காளதேசத்தில் பயிற்றுவிப்பாளராகவும் அனுபவம் பெற்றவர். ஆயினும் எட்டுக் கோல் தோல்வி அவருடைய காலத்திலேதான் நேர்ந்தது. ஆகவே பிறப்பிடத்தைக் கொண்டு மட்டும் இவ்வழக்குக்குத் தீர்ப்புக் கூறுதல் முறையன்று.

தேநீர்க்கடையிலே எழும் இன்னொரு வாதமே நமது கரையோரத்துக்குரிய வாதம். என் பழைய மாணவன் ஒருவன் ஒரு நாள் அதனை வெளிப்படையாகவே கூறினான்: “சேர், நம்மட நாட்டாள் வந்தா அவன்ட கழகத்தத்தான் பார்ப்பான், அவன்ட ஊரத்தான் பார்ப்பான். வெள்ளைக்காரனுக்கு ஊரும் தெரியாது, சாதி சமயமும் தெரியாது. கால மட்டுந்தான் பார்ப்பான்.”

இவ்வார்த்தைகளிலே நியாயமான மனக்குறை ஒன்றுண்டு. 2021ஆம் ஆண்டு தொடங்கிய நாட்டின் முதலாவது ‘சுப்பர் லீக்’ போட்டியிலே பத்துக் கழகங்கள் ஆடின. கொழும்பு, களுத்துறை, பேருவளை, வென்னப்புவ, நாவலப்பிட்டி ஆகிய ஊர்களின் கழகங்களும் முப்படைகளின் அணிகளும் அவற்றுள் அடங்கும். வடக்கிலிருந்து ஒன்றேனும் இல்லை; கிழக்கிலிருந்தும் ஒன்றேனும் இல்லை. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று மணலிலே பந்து உருளாத ஊர் இக்கரையில் இல்லாதிருக்க, நிலைமை இவ்வாறு இருந்தால், ஊர் தெரியாத ஒருவனே நடுநிலையாளன் என்று இளைஞர் எண்ணுவது இயல்புதானே? நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு சிறு நிகழ்ச்சி.

பல ஆண்டுகளுக்கு முன்னர் எனது வகுப்பிலே கரைவலைத் தொழிலாளி ஒருவரின் மகன் படித்தான். இடக்காற்காரன். பக்கவாட்டிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வந்து பந்தை அடிப்பதில் அவனுக்கு நிகரானவனை நான் கண்டதில்லை. கொழும்பிலே ஓரிடத்தில் இளையோர் தெரிவு நடைபெறுகிறது என்று கடிதம் வந்தது. கடிதம் சிங்களத்தில் இருந்தது. தேதிக்கு இரண்டு நாட்களுக்கு முன்னரே கைக்குக் கிடைத்தது. இரவு முழுவதும் பஸ்ஸில் அமர்ந்து நானும் அவனும் சென்றோம். அங்கே இருந்த பயிற்றுவிப்பாளர் பிறநாட்டவர், நல்லவர், எவரிடத்தும் பாரபட்சம் காட்டாதவர் என்றே எனக்குத் தோன்றியது. அவர் ஆங்கிலத்திலே கட்டளையிட்டார். உதவியாளர் அதனைச் சிங்களத்திலே கூறினார். என் மாணவனுக்கு இரண்டும் விளங்கவில்லை. எல்லைக் கோட்டை விட்டு உள்ளே வராதே என்பதே கட்டளை என்று மைதானத்துக்கு வெளியே நின்ற எனக்குத் தெரிந்தது. உள்ளே நின்ற அவனுக்குத் தெரியவில்லை. தனக்குத் தெரிந்த ஆட்டத்தையே அவன் ஆடினான். பத்து நிமிடத்தில் வெளியே அழைக்கப்பட்டான். சொல் கேளாதவன் என்று குறித்துக்கொண்டார்கள்.

இன்று அவன் கட்டாரிலே வேலை செய்கிறான். வெள்ளிக்கிழமைகளில் நண்பர்களுடன் பந்தாடுவதாகத் தொலைபேசியிற் கூறுவான். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி அவன் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

பாரபட்சமில்லாத கண் வேறு, காணும் கண் வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பிறநாட்டவர் தம் முன்னே நிறுத்தப்படுபவர்களுள் நீதியாகத் தெரிவு செய்யலாம். ஆனால் தம் முன்னே நிறுத்த வேண்டியவர் யாவர் என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? அதனைத் தீர்மானிப்போர் அவருக்குப் பின்னே நிற்கும் நம்மவர்களே. எந்தப் பாரபட்சத்துக்கு அஞ்சி அவரை அழைக்கின்றோமோ, அதே பாரபட்சம் அவருடைய நிழலிலே, எவர் கண்ணுக்கும் படாமல், வசதியாக அமர்ந்திருக்கலாம். நம்மவர் ஒருவர் தலைமைப் பொறுப்பில் இருந்தால் ‘எங்கள் பகுதிக்கு ஏன் வரவில்லை?’ என்று அவர் முகத்துக்கு நேரே கேட்கலாம். அறியாதவரிடம் அக்கேள்வியைக் கேட்டுப் பயனென்ன?

நம்மவர் தமது ஊரைத்தான் பார்ப்பார் என்ற அச்சத்துக்கு அயல்நாட்டு வரலாறு தக்க விடை தருகின்றது. இந்திய அணிக்கு 1950 முதல் 1963 வரை பயிற்சியளித்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். பலவீனமான காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று விதி வகுத்து, இளைஞருக்குப் போட்டிகள் நடத்தியவர் அவர். அவருடைய பயிற்சியிலே இந்தியா 1951இல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கப் பதக்கம் வென்றது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தாவிலே தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று மீண்டும் தங்கம் பெற்றது. அவருடைய அணிகளிலே ஹைதராபாத் வீரர் பலர் இடம் பெற்றது உண்மையே. ஆனால் ஜகார்த்தாவின் இறுதியாட்டத்திலே கோல் போட்ட இருவருள் ஒருவர் வங்காளத்திற் பிறந்த பி. கே. பானர்ஜி, மற்றவர் பஞ்சாபியரான ஜர்னைல் சிங். தலையிலே காயம்பட்டிருந்த ஜர்னைல் சிங்கைப் பின்காப்பிலிருந்து முன்வரிசைக்கு மாற்றிய துணிவு, வீரர்களைப் பல்லாண்டு அருகிருந்து அறிந்தவருக்கே வரக்கூடியது. அடுத்த ஆண்டே ரஹீம் புற்றுநோயால் மறைந்தார். அதன் பின்னர் ஆசிய விளையாட்டுப் போட்டியில் உதைபந்தாட்டத் தங்கம் இந்தியாவுக்குக் கிட்டவேயில்லை.

‘ரஹீம் போன்றவர் இன்று நம்மிடம் எங்கே?’ என்று வினவுவோர் உண்டு. இருந்தால் நல்லது, இல்லையென்றால் உருவாக்க வேண்டும். அதற்கு ஐஸ்லாந்து ஒரு வழி காட்டியிருக்கின்றது. அந்நாட்டின் மக்கள் தொகை 2016இல் மூன்றரை இலட்சத்தையும் எட்டவில்லை. நமது அம்பாறை மாவட்டத்திலே 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர் என்பதை நினைவிற் கொள்க. ஐஸ்லாந்தும் சுவீடன் நாட்டவரான லார்ஸ் லாகர்பெக் என்பவரை அழைத்தது. ஆனால் தனியே அழைக்கவில்லை. மீன்பிடித் தொழிலை நம்பி வாழும் ஒரு சிறு தீவிற் பிறந்த பல் வைத்தியர் ஹெய்மிர் ஹல்கிரிம்சன் என்பவரை அவருக்குத் துணையாக அமர்த்தியது. பின்னர் இருவரையும் சம பொறுப்பிலே வைத்தது. 2016ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்திலே அவ்விருவரின் அணி இங்கிலாந்தை வீழ்த்தியது. சுவீடன் நாட்டவர் விடைபெற்றார். பல் வைத்தியர் தனியே பொறுப்பேற்று, 2018இல் உலகக் கிண்ணப் போட்டிக்கே தம் நாட்டை அழைத்துச் சென்று, ஆர்ஜென்டீனாவோடு சமநிலை கண்டார். வந்தவர் தம் வித்தையை விட்டுச் சென்றார். இருந்தவர் அதனைக் கற்றுக்கொண்டார். நம் நாட்டிலோ, வந்தவர் தம் வித்தையையும் பெட்டியிலே கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுகின்றார்.

ஆதலால் எனது தீர்ப்பு இது. நமக்கு வேண்டியவர் நம்மவரே. ஆனால் நாளையே அல்ல. அடுத்த நியமனத்தைப் பிறநாட்டவர் ஒருவருக்கு வழங்குவதாயின் நான்கு ஆண்டுகளுக்கு வழங்குக. அவரோடு சம உரிமையுள்ள உள்நாட்டுப் பயிற்றுவிப்பாளர் ஒருவரின் பெயரையும், பொறுப்பு அவர் கைக்கு மாறும் திகதியையும் அதே ஒப்பந்தத்திலே எழுதுக. அவர் தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும். மைதானத்திலே நிற்கும் பிள்ளைக்குத் தன் மொழியிலே கட்டளையைக் கேட்கும் உரிமை உண்டு. ஒன்பது மாகாணங்களிலும் ஆண்டுதோறும் தெரிவு நடத்துக. இருவரும் நேரிலே செல்க. எந்த ஊரில் எத்தனை பேரைப் பார்த்தார்கள் என்பதைப் பத்திரிகையிலே வெளியிடுக. பாரபட்சத்துக்கு மருந்து அறியாமையன்று, வெளிச்சமே.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று கூறுவேன். ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் பயிற்றுவிப்பாளர் சான்றிதழ்கள் ‘சி’ தரத்திலே தொடங்கிப் படிப்படியாக உயர்கின்றன. மாலை வேளையிலே ஊதியமின்றிச் சீழ்க்கை ஊதிக்கொண்டிருக்கும் நம்முள் எத்தனை பேர் அம்முதற் படியிலே கால் வைக்க முயன்றோம்? கதவு மூடியிருக்கிறது என்று குறை கூறுமுன் அதைத் தட்டினோமா என்று நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் தட்டவில்லை. அன்று கொழும்பிலே எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று, கட்டளையின் பொருள் தெரிந்தும், கூவிச் சொல்லத் தயங்கி வாய்மூடி நின்றவன் நான். அந்த இடத்திலே பயிற்றுவிப்பாளனாக நிற்கும் தகுதி எனக்கில்லாதிருந்தது.

சென்ற வாரம் அதே தேநீர்க்கடையிலே, வெள்ளைக்காரனை வேண்டிய அந்தப் பழைய மாணவனிடம் இவையனைத்தையும் எடுத்துரைத்தேன். அவன் முழுமையாக உடன்படவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, “அந்த ‘சி’ சான்றிதழுக்கு எங்க சேர் விண்ணப்பிக்கிற?” என்று மட்டும் கேட்டான். விசாரித்துச் சொல்வதாக அவனுக்கு வாக்களித்திருக்கின்றேன்.