மடித்து வைக்கப்பட்ட அறிக்கை

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேதியிட்ட அந்த அறிக்கை நான்காக மடிக்கப்பட்டிருந்தது. நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர் அதை என் மேசைமீது வைத்தார். “செல்கள் இயல்பாக இல்லை என்று எழுதியிருக்கிறது என்றார்கள், டாக்டரம்மா. புற்றுநோய்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மகளின் கல்யாணம் முடியட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை” என்றார்.

அந்த அறிக்கை புற்றுநோய் என்று கூறவில்லை. நாளடைவில் புற்றுநோயாகக்கூடிய மாற்றம் என்றே கூறியிருந்தது. அவர் என்னிடம் வந்தபோதோ அது புற்றுநோயாகவே மாறியிருந்தது. ஒரு சிறு சிகிச்சையில் முடிந்திருக்க வேண்டியது, பெரிய அறுவைச் சிகிச்சையில் போய் முடிந்தது. ஏதோ ஒரு முகாமில் எடுத்த பரிசோதனையின் முடிவை உறையிலிட்டுக் கொடுத்தவர்கள், அதன் பொருளை அவருக்கு விளக்கவில்லை. அவரை அச்சுறுத்தியது நோயன்று. விளக்கப்படாத ஒரு சொல்.

கருப்பைவாயிலிருந்து மெல்லச் சுரண்டி எடுக்கப்படும் செல்களை நுண்ணோக்கியில் ஆராய்வதே ‘பாப் ஸ்மியர்’ பரிசோதனை. அதன் முடிவுகளை மருத்துவர்கள் அனைவரும் ஒரே பொருளில் புரிந்துகொள்வதற்காக 1988-இல் ‘பெதெஸ்டா’ முறை வகுக்கப்பட்டது. உங்கள் கைக்கு வரும் அறிக்கை பெரும்பாலும் அம்முறையில்தான் எழுதப்பட்டிருக்கும்.

அதில் ‘ஏ.எஸ்.சி.-யு.எஸ்.’ என்றிருந்தால், சில செல்கள் சற்று மாறித் தோன்றுகின்றன, காரணம் உறுதியாகவில்லை என்று பொருள். அழற்சியோ, மாதவிடாய் நின்றபின் ஏற்படும் வறட்சியோகூட இத்தோற்றத்தைத் தரலாம். ‘எல்.எஸ்.ஐ.எல்.’ என்பது குறைந்த நிலை மாற்றம், எச்.பி.வி. வைரஸ் தொற்றின் அடையாளமாகவே இது பெரும்பாலும் அமைகிறது. பலருக்குத் தானாகவே மறைந்தும் விடுகிறது. ‘எச்.எஸ்.ஐ.எல்.’ என்பது உயர்நிலை மாற்றம். இதுவும் புற்றுநோய் என்னும் முடிவு அன்று. ஆயினும் தள்ளிப்போடத் தகாதது. கோல்போஸ்கோப் வழியே கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்த்து, ஐயத்திற்குரிய இடத்திலிருந்து சிறு திசுத் துணுக்கை எடுத்துப் பயாப்சி செய்வோம். நோயை உறுதி செய்வது அந்தப் பயாப்சியே. ‘மாதிரி போதுமானதன்று’ என எழுதியிருந்தால் பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும் என்பது மட்டுமே பொருள்.

உயர்நிலை மாற்றத்தைக் கவனியாது விட்டால் என்னவாகும்? நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1955 முதல் 1976 வரை முற்றிய முன்நிலை மாற்றம் கண்டறியப்பட்ட பெண்களின் ஆவணங்கள் பிற்காலத்தில் ஆராயப்பட்டன. உரிய சிகிச்சையின்றி விடப்பட்டவர்களுள் 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் புற்றுநோய்க்கு ஆளாகியிருந்தனர். உரிய சிகிச்சை பெற்றவர்களுள் அவ்வாறு ஆனவர்கள் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. இன்றிரவே உறக்கத்தை இழக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பதும் கூடாது.

பெண்கள் அறிக்கையை மறைப்பதற்கு அச்சம் மட்டுமே காரணமன்று. அவப்பெயரும் ஒரு காரணம். எச்.பி.வி. பாலுறவால் பரவும் கிருமி என்று கேள்விப்பட்டவுடன் வீட்டில் கேள்விகள் எழுகின்றன. மணமான பெண்ணின் ஒழுக்கத்தை அளக்கும் கோலாக இப்பரிசோதனை முடிவை எவரும் பயன்படுத்துவது மருத்துவத்திற்கும் அறத்திற்கும் புறம்பானது. இத்தொற்று மிகப் பரவலானது. பாலுறவு வாழ்வுடைய ஆண், பெண் இருபாலாருள் பெரும்பாலோர்க்கும் வாழ்வில் ஒருமுறையேனும் இது ஏற்படுகிறது. பல ஆண்டுகள் அறிகுறியின்றி உடலில் தங்கவும் கூடும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த அறிக்கையும் கூறாது. கணவன்மார்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: விசாரிக்க வேண்டாம், துணைக்கு வாருங்கள்.

பரிசோதனை மட்டும் உயிரைக் காப்பதில்லை. அதன்பின் எடுக்கும் அடுத்த அடியே காக்கிறது. இதற்குச் சான்று நம் மண்ணிலேயே உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடையே, அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாயைக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையைப் பயிற்சி பெற்ற செவிலியர் செய்தனர். மாற்றம் தென்பட்டவர்களுக்குத் தாமதமின்றிச் சிகிச்சைக்கும் வழி செய்யப்பட்டது. 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்டோரிடையே இந்நோய் 25 விழுக்காடும் அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

ஆகவே, என் கருத்தை ஒளிவின்றிக் கூறுகிறேன். கருப்பைவாய்ப் பரிசோதனையின் முடிவு எதனையும் விளக்கமின்றி நோயாளியின் கையில் கொடுத்தல் ஆகாது. அது மருத்துவர்களாகிய எங்கள் கடமை. அதில் நாங்கள் தவறும்போது கேட்பது உங்கள் உரிமை. இது எந்த நிலை? அடுத்து என்ன பரிசோதனை? எந்தத் தேதியில் மீண்டும் வர வேண்டும்? இம்மூன்றிற்கும் விடை பெறாமல் அறையை விட்டு எழாதீர்கள். வெளியே கூட்டம் காத்திருக்கிறதே என்று தயங்கவும் வேண்டாம்.

அந்தப் பெண்மணி இப்போது தவறாமல் தொடர் பரிசோதனைக்கு வருகிறார். உடன் மகளும் வருகிறார். உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படியோர் அறிக்கை மடிந்து கிடக்குமாயின், எத்தனை ஆண்டுப் பழையதாயினும், எடுத்துக்கொண்டு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.