மூளியான பாலன் இயேசு

"இந்த வருசம் கிறிஸ்மஸ் கிறிஸ்மஸாவே இல்ல, சாமி" என்னும் முறையீட்டை நாம் ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். அடைமழை பெய்தது, பயிர் சாய்ந்தது, வெளிநாட்டிலிருந்து மகன் வரவில்லை, நள்ளிரவுத் திருப்பலியின் நடுவே மின்சாரம் போயிற்று, பாடகர் குழுவில் பூசல். காரணங்கள் மாறும், முறையீடு மாறாது. கேட்டுப் புன்னகைத்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அதன் அடியில் ஒரு கோட்பாடு ஒளிந்து கிடக்கிறது. பண்டிகை குறையற்றவர்களுக்கு உரியது. குறைப்பட்டவர் இந்த ஆண்டு ஒதுங்கி நின்று, எல்லாம் சரியான பிறகு அடுத்த ஆண்டு வந்து சேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அக்கோட்பாடு. இது கிறிஸ்தவக் கோட்பாடு அன்று என்பது நம் வழக்கு. எங்கோ எவரோ கொண்டிருக்கும் கருத்தைப் பற்றி நாம் பேசவில்லை. நம் பங்குகளில், நம் பீடத்தின் முன்னாலேயே இது நடைமுறையில் இருக்கிறது. அதை நமக்குக் காட்டியது 2018ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விழா.

அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. கடலோரத்தோடு தணிந்துவிடும் என்றே நாம் எண்ணியிருந்தோம். அதுவோ புதுக்கோட்டை மாவட்டத்தை ஊடறுத்துக்கொண்டு திண்டுக்கல் பக்கம் சென்றது. அப்போது நாம் ஆலங்குடி வட்டத்தில் ஒரு சிறு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பகுதிகளைக் கண்டவர்களுக்கு அவற்றின் பசுமை தெரியும். தென்னையும் பலாவும் மாவும், இடையிடையே மலர்த் தோட்டங்களும். ஆழ்துளைக் கிணற்றை நம்பி மனிதர் எழுப்பிய சோலை அது. ஒரே இரவில் அது தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. மின்கம்பங்கள் முறிந்தன, மோட்டார்கள் ஓடவில்லை, மேல்நிலைத் தொட்டிகள் வறண்டன. புயலோடு மழையும் வந்த மண்ணில் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத் தொட்டியை நிரப்பிக் குடத்தோடு வரிசையில் நின்றோம். மெழுகுவர்த்தி விலை ஏறியது. கோவிலுக்கென்று வாங்கி வைத்திருந்த மெழுகுவர்த்திகளை நாம் வீடுகளுக்குக் கொடுத்தோம். அதற்குப் பங்குப் பேரவையில் ஒருவர் கணக்குக் கேட்டது வேறு கதை.

நவம்பர் 16க்கும் டிசம்பர் 25க்கும் இடையே முப்பத்தொன்பது நாட்கள். பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் வயல் சேற்றில் முழங்காலளவு நின்று கம்பம் நட்டார்கள். அவர்கள் உழைப்பு சொல்லில் அடங்காது. ஆயினும் திருவருகைக் காலம் தொடங்கியபோது நம் கிளைக் கிராமங்கள் சில இன்னும் இருளில்தான் இருந்தன. பேரவை கூடியது. இந்த ஆண்டு கிறிஸ்மஸ் வேண்டாம், திருப்பலி மட்டும் போதும் என்றனர் ஒரு சாரார். முதலில் நாமும் அப்பக்கமே சாய்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னர் யோசித்துப் பார்த்தோம். மின் அலங்காரத்தை நிறுத்தலாம், கேக் வெட்டுவதை நிறுத்தலாம். கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சியை நிறுத்தி வைக்கத் திருச்சபைக்கோ பங்குப் பேரவைக்கோ அதிகாரம் ஏது? அது நாம் வழங்கும் பொருளாக இருந்தால் அல்லவா கைவசம் இல்லை என்று சொல்ல முடியும்! குடில் கட்டுவது, பாடுவது, பாலனை முத்தி செய்வது, எல்லாம் உண்டு என்று முடிவாயிற்று. குடிலுக்கு ஓலை தேட வேண்டிய தேவை அந்த ஆண்டு எழவில்லை.

அப்போதுதான் சுரூபம் பற்றிய வழக்கு வந்தது. புயலன்று சக்ரீஸ்து அறையின் ஓடுகள் சரிந்து அலமாரி கவிழ்ந்ததில், பாலன் இயேசுவின் வலக்கை மணிக்கட்டோடு உடைந்துபோயிருந்தது. உடைந்த துண்டு கிடைக்கவில்லை. "மூளிச் சுரூபத்த வைக்கலாமா சாமி?" என்று கோவில்பிள்ளை தயங்கினார். பெரியவர் சிலர் கூடாது என்றே உறுதியாகச் சொன்னார்கள். திருச்சியிலிருந்து புதிது வாங்கிக்கொள்ளலாம், ஒருவர் பணம் தருகிறார் என்றும் சொன்னார்கள். அவர்கள் தயக்கத்தை நாம் இகழவில்லை. பின்னமான திருமேனிக்குப் பூசை இல்லை என்பது இந்த மண்ணின் பழைய உணர்வு. நம் திருநூலிலும் அதற்கு ஒப்பானது உண்டு. உடற்குறை உள்ள குரு பலி செலுத்தப் பீடத்தை நெருங்கக் கூடாது என்கிறது லேவியர் நூலின் 21ஆம் அதிகாரம்; ஊனமுற்ற விலங்கைப் பலியிடக் கூடாது என்கிறது அடுத்த அதிகாரம். ஆனால் திருநூல் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. எசாயா நூலின் 56ஆம் அதிகாரத்தில், சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்த அண்ணகர்களுக்கு ஆண்டவர் தம் இல்லத்திலேயே இடம் தருகிறார். உயிர்த்த ஆண்டவர் தோமாவிடம் காட்டியதோ காயம் மறைந்த கைகளை அல்ல. தழும்போடு கூடிய கைகளை. மாட்சிமையுற்ற உடலே தழும்பை விலக்கவில்லை எனில், களிமண் சுரூபம் எதற்கு விலக்க வேண்டும்? இவ்வாறெல்லாம் விளக்கி, மூளிச் சுரூபமே குடிலில் இடம்பெறும் என்று தீர்ப்பளித்தோம். குருமடத்தில் கற்றது வீண்போகவில்லை என்ற நிறைவு நமக்கு.

நள்ளிரவுத் திருப்பலிக்கு எதிர்பாராத அளவு கூட்டம். ஜெனரேட்டர் ஓசைக்கு மேலே எழுந்தது மக்களின் பாட்டு. மறையுரையில் கையில்லாத பாலனைத் தூக்கிக் காட்டிப் பேசினோம்; பலர் கண்கலங்கினர். திருப்பலி முடிந்து, முத்தி செய்ய வரிசை தொடங்கியது. அப்போது வாசலுக்கு வெளியே, விளக்கொளி விழாத ஓரத்தில் ஒரு பெண் நிற்பதைக் கண்டோம். புயலிரவில் சுவர் இடிந்து விழுந்ததில் கணவரை இழந்தவர். சில நாட்களுக்கு முன்புதான் முப்பதாம் நாள் திருப்பலியை நாமே நிறைவேற்றியிருந்தோம். வரிசை நகர்ந்தது, அவர் நகரவில்லை. யாரும் அவரை அழைக்கவில்லை. நாமும் இறங்கிச் செல்லவில்லை. பனியில் குழந்தைகள் அழுகிறார்கள், விரைவாக முடிக்க வேண்டும், விடியற்காலையில் கிளைக் கிராமத்தில் மற்றொரு திருப்பலி இருக்கிறது என்பவை அப்போது நம் மனத்தில் ஓடிய காரணங்கள். வரிசை முடிந்ததும் சுரூபத்தைக் குடிலில் வைத்தோம். திரும்பிப் பார்த்தபோது அந்த ஓரம் வெறுமையாக இருந்தது.

மறுநாள் உபதேசியாரிடம் கேட்டோம். "துக்க வீடு சாமி. ஒரு வருசத்துக்கு நல்லது பொல்லாதுல முன்னால வரமாட்டாங்க. அவங்க கோவிலுக்கு வந்ததே அதிகம்" என்றார், மழை பெய்தால் மண் நனையும் என்று சொல்லுகிற தொனியில். மூளி என்னும் சொல்லுக்கு நம் ஊர்களில் இன்னொரு பொருளும் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. காதிலும் கழுத்திலும் அணியற்ற பெண்ணை, அதிலும் தாலியிழந்தவளை, ஏசும் சொல் அது. சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த ஒரு மூளிக்காக வாதாடி வென்ற நாம், உயிருள்ள ஒருத்தியைக் குளிரில் நிற்கவிட்டு அனுப்பினோம்.

துக்க வீட்டில் அந்த ஆண்டு பண்டிகை இல்லை என்னும் வழக்கத்தில் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டிப் பலகாரம் சுடச் சொல்வது கொடுமை. உறவினர் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது அன்பு. அழுகைக்கு அதற்குரிய காலம் வேண்டும். அதை "ஆண்டவரில் மகிழுங்கள்" என்று அதட்டித் துடைக்கும் குருவும் தவறே செய்கிறார். நாம் எதிர்ப்பது வேறு. வாசலில் நட்சத்திரம் கட்டாதது அவ்வீட்டாரின் துயரம். கீத பவனிக் குழு அந்த வாசலைத் தாண்டிப் போவது நம் தீர்ப்பு. புத்தாடை உடுத்தாதது அவள் விருப்பம். முன்வரிசைக்கு வந்தால் அபசகுனம் என்று மற்றவர் முகம் சுளிப்பது நம் பாவம். துயரத்திற்குத் தரும் ஓய்வு என்ற பெயரில் நாம் நடத்துவது விலக்கிவைத்தல்.

இதற்கு மறைநூல் ஆதாரம் உண்டா என்று தேடினால், கிடைப்பதெல்லாம் எதிரான ஆதாரமே. திருவிழிப்புத் திருப்பலியின் நற்செய்தி மத்தேயுவின் முதல் அதிகாரம். பெயர்ப்பட்டியல் நீளமாக இருக்கிறதென்று நம் குருக்களில் பலர் அதைத் தவிர்த்துச் சுருக்கமான வாசகத்தைத் தேர்ந்துகொள்கிறோம். அப்பட்டியலில் மரியாவுக்கு முன் வரும் பெண்கள் நால்வர்: தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி. இவர்களுள் மூவர் கணவனை இழந்தவர்கள். மெசியாவின் வம்சாவளி கைம்பெண்கள் வழியாகவே வருகிறது. அந்த வரிகளைத்தான் நாம் நேரம் கருதி வெட்டுகிறோம்! டிசம்பர் 30ஆம் நாள் வாசகத்தில் வரும் அன்னாவும் ஏழாண்டு மணவாழ்வுக்குப் பின் கணவனை இழந்து, முதுமை வரை கோவிலிலேயே கிடந்தவர். பாலனைக் கண்டு, எருசலேமின் மீட்பை எதிர்பார்த்திருந்தவர்களுக்கெல்லாம் அவரைப் பற்றிச் சொன்னவர் அவர். அவர் நம் பங்கில் இருந்திருந்தால் வாசலுக்கு வெளியே நின்றிருப்பார்.

விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்று நாம் வாசிக்கும் பகுதியையும் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். அங்கே லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் 'கட்டாலுமா'. நல்ல சமாரியர் உவமையில் சத்திரத்தைக் குறிக்க அவர் பயன்படுத்துவது முற்றிலும் வேறான சொல். ஆண்டவர் இறுதி இராவுணவு உண்ட அறைக்கோ மீண்டும் 'கட்டாலுமா' என்றே எழுதுகிறார். ஆகவே அது வீட்டின் விருந்தினர் அறை என்று விவிலிய அறிஞர் பலர் கொள்கின்றனர். அவ்வாறெனில் பெத்லகேமில் கதவைச் சாத்தியவர் முகமறியாத சத்திரக்காரர் அல்லர். சூசையப்பரின் சொந்த ஊரில், சொந்தக்காரர் நடுவில், முன்னறை நிறைந்திருந்தது. பிள்ளைப்பேற்றுக்கு வந்தவளுக்குத் தீவனத் தொட்டியின் பக்கம் மூலை கிடைத்தது. ஆண்டுதோறும் மறையுரைகளில் நாம் சபித்துத் தீர்க்கும் அந்தச் சத்திரக்காரரை இனி விட்டுவிடலாம். இடம் இல்லாதது உறவினர் வீட்டில்.

நாகைக் கடற்கரை மக்களை நினைத்துப் பாருங்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், திருக்குடும்பத் திருவிழா ஞாயிறு. அன்று காலை வந்த ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு விழாக் கொண்டாடச் சென்ற திருப்பயணிகளும் அவர்களுள் அடக்கம். இலங்கைத் தீவின் மறைவில் இருந்ததால் நம் மாவட்டக் கடற்கரையில் அழிவு குறைவு. அந்தக் கரையில் அன்று முதல் கிறிஸ்து பிறப்பு விழாவும் நினைவுநாளும் அடுத்தடுத்த நாட்கள். துக்க வீட்டிற்குக் கிறிஸ்மஸ் இல்லை என்னும் விதியை அங்கே யார் கொண்டுபோய்ச் சொல்வது? ஒரு நாள் குடிலின் முன் பாடுகிறார்கள். மறுநாள் கடலில் மலர் தூவுகிறார்கள். திருவழிபாட்டு நாள்காட்டியும் அவ்வாறே அமைந்திருக்கிறது. 25க்கு அடுத்த நாள் கல்லெறியுண்ட ஸ்தேவான். 28இல் ஏரோது வெட்டிய மாசில்லாக் குழந்தைகள். அன்னையர் அழுகையைத் திருச்சபை விழாவுக்கு வெளியே தள்ளவில்லை, எட்டு நாள் விழாவுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

இதைச் சொல்லும்போது மற்றொரு பக்கத்தாரையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. புயலுக்குப் பின் நிவாரணப் பொருள்களோடு நகரத்திலிருந்து வந்த அன்பர் சிலர், எங்கள் ஓலைக்குடிலைப் பார்த்து, "உண்மையான கிறிஸ்மஸ் உங்களுக்குத்தான் வாய்த்திருக்கிறது" என்று மெய்சிலிர்த்தனர். பாய்களும் போர்வைகளும் கொடுத்தவர்கள், நன்றி மறக்கவில்லை. ஆனால் சாய்ந்த தென்னை ஒன்றுக்கு, வெட்டி அகற்றும் செலவு உட்பட, அரசு அறிவித்தது 1,100 ரூபாய். புதிய கன்று நட்டுக் காய் பறிக்க ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். அதுவரை மகளின் படிப்புக்கும் வங்கிக் கடனுக்கும் என்ன செய்வது என்று விழித்து நின்றவரிடம் போய் வறுமையின் அழகைப் பேசுவது நற்செய்தி ஆகாது. குறையின் நடுவே மகிழலாம் என்பது வேறு. குறையே அழகு என்பது வேறு. முன்னதைச் சொல்ல அக்குறையில் இருப்பவருக்கே உரிமை உண்டு. குடிலின் முன் மனமுருகப் பாடிவிட்டு மறுவாரம் இழப்பீட்டு மனுவோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்ற நம் மக்களுக்கு இவ்விரண்டிற்கும் இடையே முரண் எதுவும் தெரியவில்லை. நமக்கும் தெரியவில்லை.

அந்தப் பங்கிலிருந்து நாம் மாற்றலாகி வந்துவிட்டோம். நமக்குப் பின் வந்த தந்தை புதிய பாலன் சுரூபம் வாங்கிவிட்டார் என்று கேள்வி. அது அவர் உரிமை. இப்போது பணியாற்றும் பங்கில், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, கடந்த கிறிஸ்மஸுக்குப் பின் சாவு நிகழ்ந்த வீடுகள் எவை என்று அன்பியப் பொறுப்பாளர்களைக் கேட்கிறோம். இறப்புப் பதிவேடு நம்மிடமே இருக்கிறது. அவர்கள் வாயால் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கேட்கிறோம். கீத பவனி அவ்வீடுகளிலிருந்தே தொடங்குகிறது. அங்கே மேளம் இல்லை, கிறிஸ்மஸ் தாத்தா இல்லை. ஒரு பாடல், ஒரு செபம். சுரூபத்தை வீட்டினுள் கொண்டுசென்று முத்தி செய்யக் கொடுக்கிறோம். துக்க வீட்டிலிருந்து புறப்பட்டால் மற்ற வீடுகளுக்கு ஆகாது என்று முதல் ஆண்டு சிலர் பவனிக்கு வர மறுத்தனர்; அவர்களுள் இருவர் இன்னும் வருவதில்லை.

கடந்த ஆண்டு பட்டியலில் பதினொரு வீடுகள். பத்து வீடுகளில் கதவு திறந்தது. ஒரு வீட்டில் கிழவர் ஒருவர் சுரூபத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் திருப்பித் தரவில்லை. பிள்ளைகள் மூன்று பாட்டுப் பாடவேண்டியதாயிற்று. பதினோராம் வீட்டில் உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. தட்ட வேண்டாம் என்றோம். திண்ணையோரம் நின்று தாழ்ந்த குரலில் பாடிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனோம். அந்த வீட்டின் பெயரை இந்த ஆண்டும் பட்டியலில் எழுதியிருக்கிறோம்.