ஆளுக்கொரு பெயரா, தாளுக்கொரு பெயரா?

பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என அறுவகையாகப் பகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர்கள். ஏழாவதாக ஒரு வகை பிற்காலத்தில் தோன்றும் என்பதை அப்பெருமக்கள் அறிந்திலர். அதனை நாம் 'ஆவணப் பெயர்' என்று அழைக்கலாம். பெற்றோர் இட்டது ஒரு பெயர். உற்றார் அழைப்பது ஒரு பெயர். தாளுக்குத் தாள் உருமாறி, உரியவரையே 'நீர் யார்?' என்று வினவுவது இவ்வாவணப் பெயர்.

இவ்வகையில் நம் சமுதாயம் பெருஞ்செல்வம் படைத்தது. 'முகமது' என்னும் திருப்பெயரையே எடுத்துக்கொள்வோம். வருகைப் பதிவேட்டைத் திறந்து இப்பெயரை உச்சரித்தால் வகுப்பில் நால்வரேனும் எழுந்து நிற்பர். தமிழில் முகமது, முகம்மது, முஹம்மது, முஹம்மத் என்று அது பல கோலம் கொள்ளும். ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தாலோ கணிதத் துறையாரைத் துணைக்கு அழைக்க வேண்டும். முதல் உயிரொலிக்கு 'ஓ' அல்லது 'யூ'. நடுவில் 'எம்' ஒன்று அல்லது இரண்டு. இறுதி உயிரொலிக்கு 'ஏ', 'ஈ', 'யூ' ஆகிய மூன்றில் ஒன்று. பெருக்கிப் பார்த்தால் 12 வடிவங்கள்! கட்டத்தில் இடம் போதாத எழுத்தர் அதனை 'எம்டி' என்று சுருக்கிவிட்டால், பத்தாம் வகுப்பு முடிக்குமுன்பே பையனுக்கு மருத்துவ மேற்பட்டம் கிடைத்துவிடுகிறது.

அடுத்து முன்னெழுத்து. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே சூடிக்கொள்வது நம் வழக்கம். குடும்பப் பெயர் என்று தனியே ஒன்று நம்மில் பெரும்பாலோர்க்கு இல்லை. கடவுச்சீட்டு விண்ணப்பமோ அதற்கென ஒரு கட்டத்தைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறது. வேறு வழியின்றித் தந்தையின் பெயரை அதில் இடுகிறோம். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றுக்கு ஆகிவருவது ஆகுபெயர் என்று நாம் கற்பிக்கிறோம். அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டை வானூர்தி நிலையத்தில் காணலாம்: அங்கே அழைக்கப்படுபவர் தந்தை, பெட்டியுடன் ஓடி வருபவர் மகன்!

2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர் சுற்றுலா விசாவில் நுழைய இயலாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. சில நாள்களில், கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தையின் பெயர் இருந்தாலும் ஏற்கப்படும் என்று விளக்கம் வந்தது. பெற்ற கடமைக்காகத் தந்தை மீண்டும் ஒருமுறை மகனைக் கரையேற்றினார் போலும்!

மகளிர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பள்ளிச் சான்றிதழில் 'பீவி', குடும்ப அட்டையில் 'பீ', வங்கியில் 'பேகம்', வாக்காளர் பட்டியலில் 'அம்மாள்' என ஒரே அம்மையார் நால்வராகப் பிரிந்து நிற்பார். திருமணத்துக்குமுன் தந்தையின் முன்னெழுத்து, பின் கணவரின் முன்னெழுத்து எனக் கணக்கிட்டால் நால்வர் எண்மராவர். இத்தனை பேரையும் ஒருவராக்கும் ஆற்றல் நோட்டரி வழக்கறிஞர் ஒருவருக்கே உண்டு. இன்ன பெயரும் இன்ன பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் அவர் உறுதி வாங்கித் தருகிறார். 'சாரைப்பாம்பு' என்று நாம் கரும்பலகையில் எழுதிக் கட்டணமின்றிக் கற்பிக்கும் இருபெயரொட்டுப் பண்புத்தொகையை அவர் கட்டணம் பெற்றுக் கற்பிக்கிறார், வேறுபாடு அவ்வளவே.

நகைத்துக் கடந்து செல்லத்தக்க செய்திதானா இது? நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் உதவித்தொகை, வங்கிக் கணக்கில் ஓர் எழுத்து கூடியிருந்த காரணத்தால் ஒரு பருவம் முழுவதும் வந்து சேரவில்லை. ஒவ்வொரு முறை அலுவலகத்துக்குச் செல்லும்போதும் அவர் தந்தை ஒரு நாள் கூலியை இழந்தார். ஓர் எழுத்தின் விலை இவ்வளவு என்று தொல்காப்பியரும் சொல்லவில்லை. கணவரை இழந்த பெண்ணின் ஓய்வூதியமும், மறைந்தவரின் காப்பீட்டுத் தொகையும் இவ்வாறே ஓர் எழுத்துக்காகக் காத்துக் கிடக்கின்றன. பன்னிரண்டு இலக்க எண்ணும், கைரேகையும், கருவிழிப் பதிவும் கொடுத்த பின்னரும், எழுத்தொன்று குறைந்தால் மனிதர் ஐயத்துக்கு உரியவர் ஆகிவிடுகிறார்.

பிறமொழிப் பெயர் தமிழில் உருமாறுவது குற்றமன்று. அஃது இம்மொழியின் இயல்பு. இலட்சுமணனைக் கம்பர் இலக்குவன் ஆக்கினார். விபீடணன் வீடணன் ஆனான். உமர் என்னும் பெயர் உமறு என்றாகிச் சீறாப்புராணம் பாடிற்று. 'ஷெய்கு' என்பது செய்குத்தம்பிப் பாவலர் என்று தமிழுருக் கொண்டு, 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திற்று. நம் காலத்திலும் கவிக்கோ அப்துல் ரகுமான் என்று எழுதினோம், இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் என்றும் எழுதுகிறோம். இருவர் புகழுக்கும் எழுத்தால் குறைவு நேரவில்லை.

கீழக்கரை வள்ளல் சீதக்காதியை எண்ணிப் பாருங்கள். செய்கு அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் தமிழர் நாவில் உருண்டு சீதக்காதி ஆயிற்று. அவ்வள்ளல் இன்றிருந்து படிக்காசுப் புலவருக்கு ஒரு காசோலை வழங்கினால் என்னாகும்? கணக்கில் உள்ள பெயர் ஒன்று, கையொப்பம் வேறொன்று என்று காசோலை திரும்பி வந்திருக்கும். செத்தும் கொடுத்தவர் என்று போற்றப்பட்டவர், உயிருடன் இருந்தும் கொடுக்க இயலாதவர் ஆகியிருப்பார்!

எழுத்துக்கூட்டலில் அரசும் தடுமாறாமல் இல்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டது. தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப எழுத வேண்டும் என்னும் நல்ல நோக்கம்தான். எனினும் 'வேலூர்' ஆங்கிலத்தில் 'வீலூர்' என்று படிக்கத்தக்க கோலம் பூண்டது. குறைகள் சுட்டப்படவே, அம்மாதத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊர்களுக்குச் சில நாள்களில் கிட்டிய அந்தத் திருத்தம், ஊரில் வாழும் ஏழைக்கு மட்டும் மாதக்கணக்கில் கிட்டாமல் போவது முறையா?

ஆகவே அலுவலகங்களை நாம் வேண்டுவது ஒன்றே. ஒலி ஒன்றாகவும், பிறந்த நாள், முகவரி, தந்தை பெயர் ஆகியவை ஒத்தும் இருக்கும்போது, ஓர் எழுத்து வேறுபாட்டை மேசையளவிலேயே தீர்க்கும் அதிகாரம் அலுவலர்க்கு அளிக்கப்பட வேண்டும்.

நம் கடமையும் உண்டு. பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரை 12 மாதங்கள் வரை கட்டணமின்றியும், பின்னர் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் சேர்க்கலாம். 1.10.2023 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தின்படி, அந்நாள் முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு ஆகியவற்றுக்கெல்லாம் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. எனவே பெயர் சூட்டும் நாளிலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் அதன் எழுத்துகளை முடிவுசெய்து பெற்றோர் எழுதிவைக்க வேண்டும். ஜமாஅத் பெரியோர்கள் நிக்காஹ் பதிவேட்டில் மணமக்களின் பெயரைச் செவிவழி எழுதாமல் சான்றிதழைப் பார்த்து எழுதுவித்தால், பல பெண்களின் பிற்கால அலைச்சல் குறையும். ஆசிரியர்களாகிய நாமும் தேர்வு விண்ணப்பங்களை மேலனுப்புமுன் பெயர்ப்பட்டியலை மாணவரிடமே காட்டிச் சரிபார்த்தல் நன்று.

பெயர் மனிதனுக்காக ஏற்பட்டது. மனிதன் பெயருக்காக ஏற்பட்டவனல்லன். இந்த எளிய இலக்கணத்தை அலுவலக மேசைகளும் நம் இல்லங்களும் ஒருங்கே பயிலுமாயின், நம் மாணவரின் தந்தையர் தம் நாள் கூலியை இழக்காமல் வேலைக்குச் செல்வர்.