யூரியா மூட்டைக் கணக்கும் புண்ணாக்கு மூட்டைக் கணக்கும்

சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டி என்றதும் வெளியூர்க்காரருக்கு முறுக்குதான் நினைவுக்கு வரும். கால்நடைத் துறையில் இருப்பவருக்கு அந்தச் சுற்றுவட்டாரம் வேறு விதமாகப் பழக்கம்: மானாவாரிச் செம்மண்ணில் நிலக்கடலையும் சோளமும், கிணற்றுத் தண்ணீர் உள்ள இடத்தில் மரவள்ளி, தொழுவத்தில் ஒன்றிரண்டு கறவை மாடுகள், வேலியோரம் சில ஆடுகள். கடலைச்செடியைப் பிடுங்கி மண்ணை உதறினால் வேரெல்லாம் குண்டூசித் தலை அளவில் முடிச்சுகள் தெரியும். காய் பறித்த கொடி உலர்ந்து மாட்டுக்குப் போகும். காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியாவும் அதில் விளைந்த புரதத்தைத் தின்னும் மாடும் இங்கே பல தலைமுறையாகச் சேர்ந்தே வாழ்கின்றன. ஆனால் அதே விவசாயி பயறுவகைத் தீவனமான வேலிமசாலோ குதிரைமசாலோ விதைத்தால், வேரில் முடிச்சு விழுந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. விதை கொடுத்தவரும் பார்ப்பதில்லை, மாட்டுக்கு ஊசி போட வரும் மருத்துவரும் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டியது அதைத்தான்.

பயறுவகைச் செடி தழைச்சத்துக் குறைந்த மண்ணில் எப்படிச் செழிக்கிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை புதிராகவே இருந்தது. வேர்முடிச்சுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் காரணம் என்று ஜெர்மனியின் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886இல் அறிவித்தார்கள். 1888இல் நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்தார். அடுத்து நடந்த ஆய்வுகள் இந்த உறவின் நுணுக்கத்தைக் காட்டின. வேர் ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டு அழைக்கிறது; பொருத்தமான பாக்டீரியா மறுமொழி தருகிறது; வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே விடுகிறது. காற்றின் நைட்ரஜனை உடைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது. அதனால் முடிச்சுக்குள் ஆக்சிஜனை அளவோடு வைத்திருக்க லெக்ஹீமோகுளோபின் என்ற நிறமி சுரக்கிறது. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான பொருள் அது. வேலை செய்யும் முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது அதனால்தான். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் பாக்டீரியா குடியிருக்கிறது, வேலை செய்யவில்லை என்று பொருள்.

மேய்ச்சல் நிலத்தில் இந்த உறவைப் பெரும் செல்வமாக்கியவர்கள் ஆஸ்திரேலியரும் நியூசிலாந்துக்காரரும். தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் பார்க்கர் பகுதியில் 1889இல் ஏமஸ் ஹோவர்ட் என்பவர் நிலக் குளோவர் என்ற பயறுவகைச் செடியின் அருமையைக் கண்டுகொண்டார். அதற்கு சூப்பர் பாஸ்பேட் இட்டதும் வறண்ட மண்ணில் ஆட்டு மந்தைகள் பெருகின. அப்படியும் சில இடங்களில் குளோவர் தேறவில்லை. 1942இல் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் காரணத்தைக் கண்டார். நைட்ரஜனை உடைக்கும் நொதிக்கு மாலிப்டினம் வேண்டும். அந்த மண்ணில் அது போதவில்லை. ஏக்கருக்குச் சில அவுன்ஸ் இட்டதில் நிலமே மாறிப்போனது.

குளோவர் நம் சமவெளிக்கு வராது. நீலகிரியில் சாண்டிநல்லா செம்மறி ஆராய்ச்சி நிலையத்தின் மேய்ச்சல் நிலங்களில் கிக்குயூ புல்லோடு வெள்ளைக் குளோவர் வளர்கிறது. அந்தக் குளிர் சேலத்துக்கு ஏது? வடநாட்டில் பெயர் பெற்ற பெர்சீமும் குளோவர் இனம்தான். அதற்கும் நீண்ட குளிர்காலம் வேண்டும். சேலம், நாமக்கல் வெயிலுக்கு வேலிமசால், முயல்மசால், தண்ணீர் உள்ளவர்களுக்குக் குதிரைமசால், தட்டைப்பயறு. கொங்குநாட்டுக் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லுக்கு இடையே தானாக முளைக்கும் நரிப்பயறும் இந்த வரிசையில்தான் வரும். முள்கிளுவை வேலியும் வெள்வேல மரமும் புல்லும் பயறும் சேர்ந்த அந்த அமைப்பை எந்த ஆராய்ச்சி நிலையமும் வகுத்துத் தரவில்லை என்பதைத் துறையினர் கொஞ்சம் அடக்கத்தோடு நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாச் செடிக்கும் எல்லா பாக்டீரியாவும் ஒத்துவருவதில்லை. நிலக்கடலை, தட்டைப்பயறு, நரிப்பயறு, கொள்ளு ஆகியவற்றுக்கு உதவும் பாக்டீரியாக் கூட்டம் நம் மானாவாரி மண்ணில் ஏற்கெனவே உண்டு. முயல்மசால் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தோடு சமாளித்துக்கொள்ளும். குதிரைமசால் அப்படியல்ல. அதற்குரிய இனம் வேறு. அது முன்பு விளைந்திராத காட்டில் அந்த பாக்டீரியாவைத் தேடினாலும் கிடைக்காது. வேலிமசாலும் துணை தேர்ந்து பழகும் செடிதான். எனவே உளுந்துக்கோ கடலைக்கோ தயாரித்த ரைசோபியம் என்னும் வேர்முடிச்சு பாக்டீரியாப் பொட்டலத்தை மசால் விதையில் கலந்துவிட்டு, நுண்ணுயிர் நேர்த்தி முடிந்தது என்று எழுதிக்கொள்வது வீண் வேலை. பொட்டலத்தின்மேல் பயிரின் பெயரைப் படித்துவிட்டு வாங்கச் சொல்ல வேண்டும்.

விதைநேர்த்தியிலும் ஒரு கோளாறு அடிக்கடி நடக்கிறது. வேலிமசால், முயல்மசால் விதைகளின் தோல் கடினம். சுமார் 80 டிகிரி சூட்டு நீரில் சில நிமிடம் வைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். அந்தச் சூடு ஆறுமுன் பாக்டீரியாவைக் கலந்தால் அத்தனையும் செத்துவிடும். விதையைக் குளிர்ந்த நீரில் அலசி, ஆறவைத்து, பிறகு அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். பூச்சிமருந்துக் கடை வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த பொட்டலமாக இருந்தால் இத்தனை பாடும் வீண்.

இதில் விவசாயிக்கு என்ன லாபம்? இங்கேதான் விரிவாக்கப் பணியாளர்கள் தவறான மூட்டையைக் காட்டுகிறார்கள். பயறுவகைத் தீவனம் ஒரு டன் உலர் எடைக்குச் சுமார் 20 கிலோ தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடிக்கும் என்பது உலக அளவில் ஆய்வாளர்கள் கையாளும் கணக்கு. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதும் ஏறக்குறைய 20 கிலோதான். மானிய விலையில் அந்த மூட்டை முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. முந்நூறு ரூபாய் மிச்சம் என்று சொன்னால் ஆட்டையாம்பட்டியில் எவரும் மண்வெட்டியை எடுக்க மாட்டார்கள். எடுக்காததில் தப்பும் இல்லை.

அதே ஒரு டன் வேலிமசாலில் புரதம் 18 சதவீதம் என்று வைத்தால் 180 கிலோ வரும். 45 சதவீதப் புரதமுள்ள கடலைப் புண்ணாக்கில் அதைப் பெற 400 கிலோ வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி செரிக்காது என்று கணிசமாகக் கழித்துக்கொண்டாலும், மிஞ்சுவது கறவை மாடு வைத்திருப்பவர் வாரந்தோறும் கையை விட்டுக் கொடுக்கும் காசு. சங்கத்துக்குப் பால் ஊற்றும் குடும்பத்திடம் வேர்முடிச்சைப் பற்றிப் பேச வேண்டிய மொழி புண்ணாக்கின் மொழிதான்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு தடையும் உண்டு. நாமக்கல் கோழிப்பண்ணைகளின் எரு கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால் தீவனக் காட்டிலும் தாராளமாகக் கொட்டப்படுகிறது. கம்பு நேப்பியர் புல்லுக்கு அது விருந்து. ஆனால் மண்ணில் தழைச்சத்து மிகுந்திருந்தால் பயறுவகைச் செடி முடிச்சு போடாது. பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வளர்ப்பது செடிக்குச் செலவு. மண்ணில் இலவசமாகக் கிடைக்கும்போது அந்தச் செலவை அது செய்வதில்லை. மூன்று வரிசை நேப்பியருக்கு ஒரு வரிசை வேலிமசால் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அந்தக் கலப்புக் காட்டில் கோழி எருவை முழுக்க வீசினால், நேப்பியர் எழும்பி நிழல் கட்டும். மசால் முடிச்சுமின்றி வெளிச்சமுமின்றி நலியும். எருவை நேப்பியர் வரிசையோடு நிறுத்துவதே முறை. மசால் வரிசைக்கு வேண்டியது மணிச்சத்து. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது இட்டவுடன் கட்டுண்டுவிடும் என்பதால் மண் பரிசோதனைக்குப் பிறகு அளவைச் சொல்வது நல்லது. ஆஸ்திரேலியக் கதையைக் கேட்டுவிட்டு மாலிப்டினம் வாங்க ஓட வேண்டியதில்லை. அங்கே மண் அமிலம், நம் மண் பெரும்பாலும் அதற்கு எதிர்ப்பக்கம்.

இன்னொன்று. உயிரோடு நிற்கும் பயறுவகைச் செடி பக்கத்துப் புல்லுக்குத் தழைச்சத்தை அள்ளிக் கொடுப்பதில்லை. குளோவர் மேய்ச்சலில் அது புல்லுக்குப் போவது மாட்டின் மூத்திரம், சாணம் வழியாகவும், மட்கும் வேர் வழியாகவும்தான். அறுத்துக் கொண்டுவந்து தொழுவத்தில் போடும் நம் முறையில், காடு கொடுத்ததில் பெரும்பகுதி தொழுவத்துத் தரையில் ஓடிப்போகிறது. சாணம் குப்பைக்குழிக்குப் போகிறது. மூத்திரத்தைப் பிடிப்பவர் அரிது. அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போட்ட முன்னோர் இந்த வட்டத்தை ஒரே இரவில் மூடினார்கள். மேச்சேரி ஆடுகளின் தாயகம் இதே சேலம் மாவட்டம். பொட்டனேரியில் அவற்றுக்கென ஆராய்ச்சி நிலையம் 1978 முதல் இயங்குகிறது. கிடை போடுவதையும் முயல்மசால் விதைத்த மேய்ச்சலையும் சேர்த்து ஒரு செய்முறைத் திடலாகக் காட்ட இதைவிடப் பொருத்தமான வட்டாரம் இல்லை.

இதழைப் படிக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் தீவன அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் விதைக்கப்பட்ட மசால் காடுகளுக்கு ஆறேழு வாரம் கழித்து ஒருமுறை போங்கள். செடியைப் பிடித்து இழுக்காதீர்கள், முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும்; மண்வெட்டியால் கட்டியோடு தோண்டி, தண்ணீரில் அலசிப் பாருங்கள். விவசாயியின் கையாலேயே ஒரு முடிச்சைக் கிள்ளச் சொல்லுங்கள். சிவப்பு இல்லையென்றால் எந்தப் பொட்டலம், எந்த எரு, எப்போது விதைத்தது என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். ஊர்வாரியாக அவை இந்த இதழில் வெளியாகும்.