விரல்நுனிப் பொறியும் பெட்ரோல் ஆவியும்

இராஜஸ்தானத்திலும் தக்காணத்தின் உட்பகுதியிலும் வறண்ட காற்று வீசும் மாதங்களில், ஜீப்பை விட்டிறங்கிக் கதவைத் தொடுபவரின் விரலில் சுருக்கென்று மின்தாக்கு ஏற்படுவதுண்டு. உடனிருப்போர் நகைப்பர், அவரும் விரலை உதறிவிட்டுத் தம் பணியை நோக்கிச் செல்வார். பள்ளிகளில் இதற்குரிய பாடம் இல்லாமல் இல்லை. உலர்ந்த தலைமயிரில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்குகளைக் கவர்வதை மாணவர் ஆண்டுதோறும் கண்டு மகிழ்கின்றனர். (மழைக்காலத்தில் அச்சோதனை தோற்றால் ஆசிரியர் நாணவேண்டுவதில்லை, ஈரக்காற்றினால் பொருள்களின்மேல் படியும் மெல்லிய நீர்ப்படலம் மின்னூட்டத்தைக் கசியவிடுகிறது என்பதே அன்றைய பாடமாகலாம்.) ஆயின், பாடம் சீப்புடன் நின்றுவிடுவதுதான் குறை.

மனித உடலின் மின்தேக்குதிறனை ஏறத்தாழ 100 பிக்கோபாரடு எனக் கொள்ளலாம். உடலின் மின்னழுத்தம் சுமார் 3,000 வோல்ட்டை எட்டினாலன்றி விரல் தாக்கை உணர்வதில்லை. அந்நிலையில் உடலில் சேர்ந்துள்ள ஆற்றல் 0.45 மில்லிஜூல். உடலுக்கு இது ஒரு பொருட்டன்று. ஆனால் பெட்ரோல் ஆவியும் காற்றும் தக்க அளவில் கலந்திருப்பின், அது தீப்பற்ற ஏறத்தாழ 0.25 மில்லிஜூலே போதும். விரலுக்குப் புலப்படும் மிகச் சிறிய பொறியும் தீமூட்ட வல்லது என்பது இதனால் பெறப்படும்.

மருந்துத் தெளிப்பானுக்கோ சிறு மின்னாக்கிக்கோ வேண்டிய பெட்ரோலைக் கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் கேனில், அதுவும் வண்டியில் வைத்தபடியே, நிரப்பிக்கொள்ளும் பழக்கம் இன்றும் காணப்படுகிறது. இது அறவே கைவிடத்தக்கது. குழாய்வழிப் பாயும் பெட்ரோலே மின்னூட்டம் பெறும். பிளாஸ்டிக்கோ அதனை எளிதில் வெளியேற விடாது. எரிபொருளுக்கென அமைந்த உலோகக் கலத்தைத் தரையில் இறக்கிவைத்து, குழாயின் உலோகமுனை கலத்தின் வாயைத் தொட்டிருக்குமாறு மெதுவாக நிரப்புதல் வேண்டும். மூடியைத் திறக்குமுன், சற்று எட்டத்தில் தரையுடன் இணைந்த உலோகம் ஒன்றை வெறுங்கையால் தொடுதல் நன்று.

அன்றாடத் தாக்கைத் தவிர்ப்பது இதனினும் எளிது. செயற்கை இழை ஆடைக்குப் பதில் பருத்தி உடுத்தலாம். வண்டிக் கதவின் உலோகச் சட்டத்தைப் பிடித்தவாறே இறங்கலாம். கையில் இறுகப் பிடித்த சாவியால் முதலில் உலோகத்தைத் தொட்டால் வலி தெரியாது.

மற்றொரு குழப்பமும் மக்களிடையே உண்டு. நிலைமின்சாரம் ஒருமுறை தைத்து அகலும். உடனே மீண்டும் தொட்டால் தாக்காது. மாவரைக்கும் எந்திரமோ குளிர்பதனப் பெட்டியோ தொடுந்தோறும் விறுவிறுக்குமாயின் அது மின்கசிவு; உயிரைக் குடிக்கக்கூடியது. அக்கருவியின் மின்னிணைப்பைத் துண்டித்து, கருவியையும் அதன் தரையிணைப்பையும் தேர்ந்த மின்பணியாளர் சோதித்து முடிக்கும்வரை எவரையும் அதனைத் தொடவிடலாகாது.