சால்மன் இல்லையென்றால் மீனே இல்லையா?

"நம் ஆறுகளில் சால்மன் இல்லை, அணை தாண்டும் மீனைப் பின்தொடர்வது பணக்கார நாட்டு வேலை" என்கிறார் நண்பர். சால்மன் இல்லைதான். விலாங்கு இருக்கிறதே! ஒருகொடவத்தைக்கு வடக்கே ஓடும் களனி கங்கையில் கண்ணாடி போன்ற குஞ்சாக ஏறி, ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும் மீன் அது. மேலே காசல்ரீ, மவுசாகலை, நோர்ட்டன், லக்சபான என்று அணை வரிசை. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் அணை இறங்குவது விரல் நீளச் சால்மன் குஞ்சு; விலாங்கோ முழ நீளத்துக்கு வளர்ந்த பிறகுதான் இறங்கும். உடல் நீள நீள, டர்பைன் தகட்டில் அடிபடும் ஆபத்தும் கூடும். அங்கே குஞ்சுக்குள் வைக்கும் சில்லு அரிசிமணி அளவுதான்; பற்றரிகூடக் கிடையாது. வாசிப்புக் கருவியைக் கடக்கும்போது தன் எண்ணைச் சொல்லிவிடும். இதுவா பணக்கார வேலை? எத்தனை ஏறுகிறது, எத்தனை உயிரோடு இறங்குகிறது என்று எண்ணாமலே, அணைகளால் மீனுக்குப் "பாதிப்பில்லை" என்றும் நண்பர் எழுதியிருப்பது எந்தக் கணக்கில்?