அந்தமானில் ஏழு நாட்கள்



எங்கள் திருமணத்தின் முப்பதாம் ஆண்டை முன்னிட்டு, கடந்த ஜனவரியில் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து எங்களை ஒரு வாரம் அந்தமானுக்கு அனுப்பிவைத்தார்கள். ஊழியத்தின் நிமித்தம் பல ஊர்களுக்குச் சென்றிருக்கிறேன். பிரசங்கக் குறிப்பேடு இல்லாமல் பிரயாணப்பட்டது இதுவே முதல் முறை. (உள்ளதைச் சொன்னால், ஒன்றைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். என் துணைவியார் அதை எடுத்து மேஜையின்மேல் வைத்துவிட்டார்கள்.)

மும்பையிலிருந்து சென்னை வழியாகச் சென்றோம். போர்ட் பிளேர் என்று நாம் பள்ளியில் படித்த நகரம் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்குள்ள அபர்டீன் கடைவீதியில் தமிழ் தாராளமாகக் காதில் விழுகிறது. ஒரு கடைக்காரர், “ஐயா, எந்த ஊர்?” என்றார். “மும்பை” என்றேன். “அது இருக்கட்டும், சொந்த ஊர்?” என்று மறுபடியும் கேட்டார். நம்மவர் எங்கே பிழைத்தாலும் இரண்டாவது பதிலைத்தான் பதிலாக ஏற்றுக்கொள்கிறார்கள்!

மறுநாள் செல்லுலார் சிறைக்குச் சென்றோம். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட இச்சிறை, நடுவிலுள்ள கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல் ஏழு பிரிவுகளாக நீண்டிருந்தது. இன்று மூன்று மட்டுமே நிற்கின்றன. ஏறக்குறைய 700 அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒருவர். ஒரு பிரிவின் முன்புறம் அடுத்த பிரிவின் பின்புறத்தையே நோக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆகையால் ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைத் தன் அறையிலிருந்து காண இயலாது. பகலில் செக்கிழுப்பதும் தேங்காய் நார் உரிப்பதும் வேலை. இரவில் இந்தத் தனிமை.

ஓர் அறைக்குள் நுழைந்தோம். ஏறக்குறைய 15 அடி நீளம், 9 அடி அகலம். காற்றுக்காக ஒரு சிறு திறப்பு, 10 அடி உயரத்தில். வெளியே கடல் அத்தனை அருகில் இருந்தும், உள்ளே இருப்பவருக்கு அது தெரிய வழியில்லை. என் துணைவியார் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். பின்பு மெதுவாக, “நம் வீட்டுச் சமையலறைச் சன்னலும் எனக்கு இப்படித்தான்” என்றார்கள். குறையாகச் சொல்லவில்லை, விலைவாசியைச் சொல்வதுபோல் சொன்னார்கள். அந்த வீட்டில் நாங்கள் பத்தொன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். எத்தனையோ குடும்பங்களுக்கு ஆலோசனை கூறிய எனக்கு அன்று ஒரு வார்த்தையும் வரவில்லை.

எதிரே இருக்கும் ராஸ் தீவு 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என அழைக்கப்படுகிறது. ஆங்கில அதிகாரிகள் மாளிகைகளும் நடன அரங்கும் கட்டி வாழ்ந்த இடம். 1941-இல் நிலநடுக்கம், 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். இப்பொழுது சுவர்களை மரவேர்கள் பற்றிக்கொண்டிருக்கின்றன; மான்கள் மேய்கின்றன. கூரையற்ற தேவாலயம் ஒன்றும் அங்கே நிற்கிறது. அதற்குள் சிறிது நேரம் மௌனமாய் நின்றோம்.

விடுதியில் இருந்தவர்கள் பாராடாங் சுண்ணாம்புக் குகைகளுக்கு அழைத்தார்கள். சாலைவழி ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் ஊடே செல்கிறது. மனிதரை வேடிக்கை பார்க்கும் பயணத்திற்கு என் மனம் இசையவில்லை, வேண்டாம் என்றோம்.

கடைசி மூன்று நாட்களும் ஹாவ்லாக் தீவில் கழிந்தன. சுவராஜ் தீவு என்பது அதன் புதிய பெயர். அந்தமான் கிழக்கே வெகுதூரத்தில் இருந்தாலும் கடிகாரம் மும்பையின் நேரத்தையே காட்டுகிறது. ஆகவே மாலை 5.15-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. ராதாநகர் கடற்கரை மேற்கு நோக்கியது. மூன்று மாலைகளும் என் துணைவியார் அங்கேயே மணலில் அமர்ந்திருந்தார்கள். பவளப் பாறைகளைக் காணப் படகில் போகலாம் என்றேன். “நீங்கள் போய்வாருங்கள், எனக்கு இது போதும்” என்றார்கள். நான் போகவில்லை. கைப்பேசிக்குத் தொடர்பும் சரிவரக் கிடைக்கவில்லை, அது நல்லதாயிற்று.

வீடு திரும்பிய மறுநாள் காலையில், அவர்கள் காய்கறி வாங்கச் சென்றிருந்த வேளையில், சமையலறைச் சன்னலை அளந்தேன். அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து ஐந்தேகால் அடி. என் துணைவியாரின் உயரம் ஐந்தடிக்கும் சற்றுக் குறைவு. சன்னலைத் தாழ்த்துவதற்கு வீட்டு உரிமையாளரின் அனுமதி வேண்டும். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரைப் பார்க்கப் போகிறேன்.